வாளையாறு எல்லையில் முன்ஜாமீன் ‘பேக்கேஜ்’: காசுக்குத் தேறுமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை பக்கம் பழைய இரும்பு, கொப்பரை வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி சம்மன் வந்தால், வரி ஆலோசனை அலுவலகங்கள் சில ‘கைதிலிருந்து பாதுகாப்பு’ என்று மொத்தத் தொகை பேசுகின்றன. சம்மனுக்குப் பதில், முன்ஜாமீன் மனு, விசாரணைக்கு வக்கீல் துணை என மூன்றும் அதில் அடக்கம். எங்கள் மதிப்பெண் 5க்கு 2.5.

பாதி மதிப்பெண் போனது முதல் கேள்வியிலேயே. வரித்தொகை எவ்வளவு, எந்த உட்பிரிவு என்று கேட்காமலே மனு எழுத உட்காருகிறார்கள். முன்ஜாமீன் என்பது, நீதிமன்றம் அனுமதித்தால் மட்டுமே ஜாமீன் கிடைக்கும் குற்றத்துக்குத்தான். மத்திய ஜிஎஸ்டி சட்டம் 132(5)-ன்படி, பில் இல்லாத விற்பனை, போலி பில், அதை வைத்து எடுத்த உள்ளீட்டு வரி வரவு (வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது), வசூலித்த வரியை மூன்று மாதம் தாண்டியும் கட்டாதது ஆகிய நான்கில், வரி ரூ.5 கோடியைத் தாண்டினால் மட்டுமே அந்த நிலை. ரூ.2 கோடிக்கு மேல் 5 கோடி வரை என்றால் கைது செய்யலாம், ஆனால் துணை அல்லது உதவி ஆணையரே ஜாமீனில் விடலாம். ரூ.2 கோடிக்குள் என்றால், முன்பு தண்டனை பெறாதவரை அதே சட்டத்தின் 69-வது பிரிவில் கைது செய்யவே முடியாது. 5 கோடி என்பது வரி, பில் தொகை அல்ல. 18 சதவீதச் சரக்கில் அது ஏறக்குறைய ரூ.27.78 கோடி சரக்கு மதிப்பு. மூன்று கோடி வரி விவகாரத்துக்கு முன்ஜாமீன் மனு போடுவது தண்டச் செலவு.

சட்ட அறிவில் குறை சொல்ல முடியாது. எஃப்ஐஆர் இல்லாவிட்டாலும் ஜிஎஸ்டி வழக்கில் முன்ஜாமீன் கேட்கலாம் என்று ராதிகா அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரி 27 அன்று சொன்னதை மனுவில் சேர்க்கிறார்கள். முன்ஜாமீனுக்கான பிரிவை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 438-க்குப் பதில், அதன் இடத்தில் வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 482 என்றும் சரியாகக் குறிப்பிடுகிறார்கள்.

இடறுவது எல்லை விஷயத்தில். கடை பாலக்காட்டில், சம்மன் கோவை அலுவலகத்திலிருந்து என்றால் மனு கோவை செஷன்ஸ் நீதிமன்றத்துக்கோ சென்னை உயர் நீதிமன்றத்துக்கோ போக வேண்டும். பாலக்காட்டிலோ எர்ணாகுளத்திலோ கிடைப்பது குறுகிய காலப் பாதுகாப்பு மட்டும். உச்ச நீதிமன்றத்தின் பிரியா இந்தோரியா வழக்குத் தீர்ப்பு (2023) அதற்கு இடம் தந்தாலும், உரிய நீதிமன்றத்துக்கு உடனே போக முடியாத காரணத்தைக் காட்டியாக வேண்டும். துறையின் வழக்கறிஞருக்கு நகல் போகாமல் மாநில அரசு வழக்கறிஞருக்கு மட்டும் போனால் வாய்தாதான் மிஞ்சும். மனு போட்டதே பாதுகாப்பு ஆகிவிடாது என்பதால், முதல் நாளே இடைக்கால உத்தரவைத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

விசாரணையின்போது ‘வக்கீல் பக்கத்திலேயே இருப்பார்’ என்பது மிகை. கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், காதுக்குக் கேட்காத தூரத்தில்தான் அவர் இருக்க முடியும்.

மனுவோடு வைக்கும் இணைப்புகளும் மெலிவு. போலி பில் குற்றச்சாட்டை உடைப்பது சரக்கு நகர்ந்ததற்கான சான்றுதான்: எடைமேடைச் சீட்டு, இ-வே பில், ஃபாஸ்டேக் பதிவு, லாரி வாடகை போன வங்கிக் கணக்கு. இவர்கள் ஜிஎஸ்டிஆர்-2பி-யை (விற்றவர்கள் பதிவேற்றிய பில்களின் பட்டியல்) மட்டும் அச்சடித்து வைக்கிறார்கள். அந்தப் பட்டியலில் பில் தெரிவதுதானே துறையின் புகாரே!

போவதானால் மூன்று வேலைக்கும் தனித்தனிக் கட்டணம் பேசுங்கள். சம்மன் பதிலுக்கு மட்டும் இவர்கள் போதும். மனுவை, அது போகவேண்டிய ஊரில் வழக்கு நடத்தும் வக்கீலிடம் கொடுங்கள்.