ஒரே தேதியில் பிறந்த சிந்தனையாளர்கள்: ஒரு தினசரி நாட்காட்டி

சேலம் செர்ரி சாலையில் ஒரு சிறிய புத்தகக் கடையில் வாங்கிய இந்த நாட்காட்டி, நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் தினசரி காலண்டரின் அமைப்பில்தான் இருக்கிறது. ராகு காலமும் எமகண்டமும் அச்சாகும் இடத்தில், அன்றைய தேதியில் பிறந்த தத்துவவாதிகளைப் பற்றிய குறிப்பு தமிழில் தரப்பட்டுள்ளது. விலை 400 ரூபாய். பிறந்த தேதி ஒன்றாக அமைவது தற்செயலே. ஆனால் அதைச் சாக்காக வைத்து இருவருடைய கருத்துகளை எதிரெதிரே நிறுத்தும் தாள்கள் சில இதில் மிக அருமையாக அமைந்துள்ளன.

மே 5 அத்தகையது. கீர்க்கெகார் 1813-இலும் மார்க்ஸ் 1818-இலும் அன்று பிறந்தவர்கள். இருவரும் ஜெர்மன் தத்துவவாதி ஹெகலைக் கற்று, அவரிடமிருந்து விலகி, முற்றிலும் வேறு திசைகளில் சென்றனர்: அனைத்தையும் அடக்கிய அவருடைய தத்துவ அமைப்பில், தானே தேர்ந்தெடுத்து வாழவேண்டிய தனிமனிதனுக்கு இடமில்லையே என்று முன்னவர் கேட்டார், மனிதனின் எண்ணத்தை அவனுடைய சமூக வாழ்நிலையே உருவாக்குகிறது என்றார் பின்னவர். இந்த வேறுபாட்டைக் கல்லூரி மாணவர் ஒருவர் நின்றபடியே படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குச் சுருக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

மே 18-ஆம் தேதித் தாள் அதைவிடச் சிறந்தது. ரஸ்ஸலும் (1872) கார்னாப்பும் (1891) பிறந்த நாள் அது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் பணவீக்கத்தில், கணிதத்தைத் தர்க்கத்திலிருந்து வருவிக்க முயன்று ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் எழுதிய ‘பிரின்சிப்பியா மேத்தமேட்டிகா’ என்ற நூலை வாங்க இயலாமல் கார்னாப் கடிதம் எழுதியபோது, ரஸ்ஸல் அதன் முக்கிய வரையறைகளை 35 பக்கங்களில் தம் கையாலேயே எழுதி அனுப்பினார். அந்த நிகழ்ச்சியைச் சொல்லி, அங்கிருந்து இருவருடைய தர்க்கவியலுக்கு வாசகரை அழைத்துச் செல்லும் விதம் பாராட்டத்தக்கது. 1048-இல் அதே தேதியில் பிறந்தவரும் பாரசீகச் சூரிய நாட்காட்டியின் சீர்திருத்தத்தில் பங்கேற்றவருமான உமர் கய்யாமும் அதே தாளில் இடம்பெறுகிறார்.

எல்லாத் தாள்களிலும் இந்த உழைப்பு இல்லை. அக்டோபர் 15-இல் நீட்சே, ஃபூக்கோ என்ற பெயர்களும் ஆண்டுகளும் மட்டுமே உள்ளன. ஒழுக்கநெறிக்கும் ஒரு வரலாறு உண்டு என்று நீட்சே காட்டிய வழியில்தான் ஃபூக்கோ சிறைச்சாலையையும் தண்டனையையும் ஆராய்ந்தார் என்பதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம். செப்டம்பர் 5-இல் ராதாகிருஷ்ணன் மட்டுமே இருக்கிறார். 1568-இல் அதே தேதியில் பிறந்த கம்பனெல்லா, சிறையில் இருந்தபடி கற்பனை செய்த நகரத்தில், மதில்களில் எல்லாக் கலைகளையும் ஓவியமாகத் தீட்டிப் பிள்ளைகள் பார்த்தே கற்கும்படி அமைத்தவர். ஆசிரியர் தினத்தில் அவரை விட்டுவிட்டது எனக்கு வருத்தமளிக்கிறது.

தாளின் தரம் சுமார். ஏற்காட்டில் தங்கை வீட்டில் மாட்டிய பிரதி, மழைக்கால ஈரத்தில் நெளிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. சேலம் வெயிலில் அந்தத் தொல்லை இல்லை.

என் பெரிய குறை, ஆங்கிலத் தேதியை மட்டுமே கணக்கில் கொண்டது. ராமானுஜருக்குச் சித்திரைத் திருவாதிரை, சங்கரருக்கு வைசாக வளர்பிறைப் பஞ்சமி. இரண்டும் பல ஆண்டுகளில் ஒரே நாளில் வருகின்றன, 2024-இல் மே 12 அன்று வந்ததைப் போல. பிரம்மம் ஒன்றே மெய், உலகம் மாயை என்ற அத்வைதமும், உலகமும் உயிர்களும் இறைவனுக்கு உடலாக அமைந்த மெய்ப்பொருள்களே என்று அதை மறுத்த விசிஷ்டாத்வைதமும் ஒரே தாளில் நிற்க இதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. அடுத்த ஆண்டுப் பதிப்பில் திதியையும் நட்சத்திரத்தையும் சேர்க்கும்படி பதிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன். சேர்த்தால் இரண்டு பிரதிகள் வாங்குவேன்.