பெட்டியைப் பிரித்துப் பார்க்கிற கடை

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கிற சின்ன வெளிநாட்டு பார்சல் கடை இது. மகள் மான்செஸ்டரில் படிக்கிறாள். போன தீபாவளிக்கு வேறொரு இடத்தில் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் டேப் ஒட்டி வாங்கிக்கொண்டார்கள். உள்ளே சென்ட் பாட்டில். மூன்று வாரம் கழித்து மொத்தமும் திரும்பி வந்தது, முறுக்கெல்லாம் தூளாக. அன்றைக்கு அழுதேவிட்டேன்.

இங்கே கவுண்டர் தம்பி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். சென்ட்டும் நெயில் பாலிஷும் தீப்பிடிக்கும் திரவம், கூடாது. பவர் பேங்கில் லித்தியம் பேட்டரி. விமானத்தில் சூடேறினால் அணைப்பதே கஷ்டமாம். நெய்யையும் வெளியே வைத்தார். இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்கு இறைச்சி, பால் பொருட்களைத் தனியாள் அனுப்ப முடியாது. “கருவாடு போகும்க்கா, வாசனை வராம பேக் பண்ணித் தரேன்” என்றார். காசிமேட்டு நெத்திலி, வேறென்ன வேண்டும்!

சுங்கப் படிவத்தில் ‘உணவுப் பொருள்’ என்று மொத்தமாக எழுத விடவில்லை. பருப்புப் பொடி அரை கிலோ, முறுக்கு ஒரு கிலோ என்று தனித்தனியாக எழுத வைத்தார். ஒரு மணி நேரம் ஆனது, உட்கார நாற்காலி ஒன்றுதான். ஒன்பதாம் நாள் பெட்டி அவள் கையில். முறுக்கு உடையவில்லை.