எஸ்.பி. ரோட்டில் எஸ்எம்பிஎஸ் மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பெங்களூரில் கம்ப்யூட்டரை வைத்துப் பிழைக்கிறவர்கள், முக்கியமாக வீட்டிலேயே ஒரு மூலையில் சிஸ்டம் போட்டு வேலை பார்க்கிறவர்கள், கொஞ்சம் நீளமாக இருந்தாலும் முழுசாகப் படியுங்கள். "போர்டு போச்சு, ஹார்ட் டிஸ்க் போச்சு, எல்லாம் ஷார்ட்" என்று கடைக்காரர் சொன்னால் அந்த இடத்திலேயே நம்பிவிடாதீர்கள். பழைய பொருளை அங்கேயே விட்டுவிட்டும் வந்துவிடாதீர்கள். எனக்கு 'போச்சு' என்று சொல்லப்பட்ட அதே மதர்போர்டில்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் அல்சூரில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவன். மே மாத மழைதான் தெரியுமே, சாயங்காலம் இடியும் காற்றுமாக அடிக்கும், கரண்ட் போய்ப் போய் வரும். அப்படி ஒரு நாள் கரண்ட் திரும்பி வந்ததும் டப்பென்று ஒரு சத்தம், எஸ்எம்பிஎஸ் காலி (கம்ப்யூட்டருக்குள் எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் அது). அது பல வருஷம் உழைத்தது, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையில் முகூர்த்த சீசன் ஆர்டர்கள் இருந்ததால், தெரிந்தவர் சொன்னாரென்று கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் நன்றாகத் தமிழ் பேசினார், உட்கார வைத்து டீ கூட வாங்கிக் கொடுத்தார். "புது பீஸுண்ணா, 500 வாட், மூணு வருஷம் வாரண்டி" என்று சொல்லி 2,600 ரூபாய் வாங்கிக்கொண்டு மாட்டிக் கொடுத்தார். பில்லில் 'எஸ்எம்பிஎஸ் - 1' என்று மட்டும் இருந்தது. சீரியல் நம்பரையும் எழுதுங்கள் என்றதற்கு, "சிஸ்டத்துல ஏத்தியாச்சுண்ணா, போன் நம்பர் சொன்னாலே போதும்" என்றார்.

கொஞ்ச நாளில் தொல்லை ஆரம்பித்தது. சும்மா இருக்கும்போது ஒன்றும் ஆகாது, பெரிய ஆல்பத்தை எக்ஸ்போர்ட் போட்டால் மட்டும் பாதியில் தானாக ரீஸ்டார்ட் ஆகும். வேலைப்பளு ஏறும்போது மட்டும் மெஷின் விழுகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸைத்தான், ராம் மெமரியும் சூடும் அதற்கு அப்புறம். ஆனால் அந்தக் கடையில் விண்டோஸ் பிரச்சினை என்று சொல்லி, ஃபார்மேட் போட்டு அதற்கும் 500 ரூபாய் வாங்கினார்கள். ரீஸ்டார்ட் நிற்கவில்லை. கடைசியில் ஒரு ராத்திரி கருகிய வாசனையோடு மெஷின் அணைந்தது. பட்டனை அழுத்தினால் விசிறி ஒரு துடிப்பு துடித்து அப்படியே நின்றுவிடும், அவ்வளவுதான்.

திரும்ப அதே கடை. மெஷினை உள்ளே எடுத்துக்கொண்டு போய் பத்து நிமிஷத்தில் வந்து, போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் அவுட் என்றார். "உங்க வீட்டு வோல்டேஜ் பிரச்சினைண்ணா, எரிஞ்ச பொருளுக்கு வாரண்டி கிடையாது." பழைய போர்டு, ப்ராசஸர், ராம், டிஸ்க் எல்லாவற்றையும் சேர்த்து 1,500 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறாராம், புது செட் 38,000 ஆகுமாம். டிஸ்க்கில் இன்னும் டெலிவரி கொடுக்காத கல்யாணப் படங்கள் இருக்கின்றன என்றதும் உடனே அதற்கும் ஒரு விலை வந்தது: டேட்டா எடுத்துத் தர 15,000, "நமக்குத் தெரிஞ்ச இடம் இருக்கு." ஒரு பெண்ணின் தாலி கட்டும் படம் உள்ளே மாட்டிக்கிடக்கிறது, அதை வைத்து பேரம் பேசுகிறார்கள். எதையும் கொடுக்காமல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சிவாஜிநகரில் யூபிஎஸ், இன்வெர்ட்டர் போர்டு சர்வீஸ் செய்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் செய்த முதல் வேலை, அந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தது. "சந்தேகம் இருக்கிற சப்ளையை நல்ல போர்டுல மாட்டிப் பார்க்கவே கூடாது" என்றார். தன்னிடம் இருந்த நல்ல ஒன்றை எடுத்து போர்டு, ப்ராசஸர், ஒரே ஒரு ராம் இவற்றை மட்டும் இணைத்து பட்டனை அழுத்தினார். திரையில் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் முதல் திரை, வந்தது! போர்டு போகவே இல்லை. அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார், எல்லாம் ஓடியது. ஹார்ட் டிஸ்க்கின் பவர் வயரைச் செருகியதும் மறுபடி அதே துடிப்பு, நின்றுவிட்டது.

டிஸ்க்கின் சர்க்யூட் போர்டைத் திருப்பிக் காட்டினார். பவர் கனெக்டருக்குப் பக்கத்தில் அரிசியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்புத் துண்டு, மேலே வெடிப்பு, சுற்றிலும் பழுப்பாகக் கருகல். ராத்திரி வந்த வாசனை அதிலிருந்துதான். அதற்கு டிவிஎஸ் டயோடு என்று பெயர். 5 வோல்ட், 12 வோல்ட் லைன்களில் அளவுக்கு மீறி வோல்டேஜ் வந்தால் அது தானே ஷார்ட் ஆகி, உள்ளே இருக்கும் மற்ற சிப்களைக் காப்பாற்றிவிட்டுச் சாகும். அது ஷார்ட் ஆகிக் கிடக்கிறவரை நல்ல எஸ்எம்பிஎஸ் எதுவும் ஓடாது, ஆபத்தென்று தானே அணைந்துவிடும். அதனால் பார்க்கிறவருக்கு மொத்த மெஷினும் செத்த மாதிரிதான் தெரியும், வயரைப் பிடுங்கிப் பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டும் உண்மை தெரியும். கடைக்காரருக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அண்ணன் மீட்டரில் பார்த்து ஷார்ட் என்று உறுதி செய்துவிட்டு அந்த டயோடை எடுத்தார், டிஸ்க் சுற்றியது, படங்கள் அத்தனையும் வேறு டிஸ்க்குக்கு ஏறின. இதை வீட்டில் நீங்களே முயற்சி செய்ய வேண்டாம், சால்டரிங் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. டயோடு இல்லாத டிஸ்க்குக்கு இனிப் பாதுகாப்பும் கிடையாது, டேட்டாவை எடுத்ததும் அதை ஓரங்கட்டிவிட வேண்டும்.

அப்புறம் அந்த 'புது பீஸ்'. வயரைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் விட்டுத்தான் திறந்தார், ஏனென்றால் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும், தொட்டால் ஆளையே தூக்கிவிடும். வெளியே பளபளவென்று ஸ்டிக்கர், உள்ளே சூட்டை இறக்கும் ஹீட்சிங்க் தகட்டு இடுக்கெல்லாம் நாள்பட்ட செம்மண் தூசி. அவுட்புட் பக்கம் கெப்பாசிட்டர்களின் தலை உப்பி, ஒன்றின் மேல் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. ஒன்று மட்டும் புதிதாக மாற்றியது, அதன் காலடியில் சால்டரிங் பசையான ஃப்ளக்ஸ் இன்னும் பிசுபிசுவென்று. சர்ஜை, அதாவது திடீரென்று எகிறும் வோல்டேஜைத், தாங்கும் எம்ஓவி என்ற பாகம் இருக்க வேண்டிய இடம் காலி, ஃபில்டர் காயில் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வயர்த் துண்டு. யாரோ தூக்கிப் போட்ட பழையதை ரிப்பேர் பார்த்து, புது மூடி போட்டு எனக்கு விற்றிருக்கிறார்கள்.

வீட்டு வோல்டேஜ் என்று சொன்னாரே, உள்ளே ஃப்யூஸ் அப்படியே முழுசாக இருந்தது. வெளியிலிருந்து பெரிய வோல்டேஜ் வந்து அடித்திருந்தால் பெரும்பாலும் ஃப்யூஸும் இன்புட் பக்கமும்தான் முதலில் போகும். அண்ணன் மெஷினுக்குப் பதில் கரண்டை இழுக்கும் டம்மி லோடு போட்டு ஓட்டிக் காட்டியபோது சிவப்பு வயரில் 5 வோல்ட்டுக்குப் பதில் 7-ஐத் தொடுகிற மாதிரி மீட்டர் காட்டியது. கூடக் குறைய அனுமதி 5 சதவீதம்தான்: 5 வோல்ட் லைன் 4.75-லிருந்து 5.25-க்குள், 12 வோல்ட் வரும் மஞ்சள் வயர் 11.4-லிருந்து 12.6-க்குள் இருக்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் பழுதாவதற்குப் பெரும்பாலும் காரணம் சூடும் தூசியும்தான். கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் சூட்டில் வற்றும், 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது கணக்கு. விசிறி தூசியில் மாட்டி மெதுவாகச் சுற்றினாலே போதும், பாக்கியை அதுவே பார்த்துக்கொள்ளும். நம் ஊரில் இதோடு கரண்ட் திரும்பி வரும் நேரத்து சர்ஜ், தெருவில் நியூட்ரல் அறுந்தால் 230-க்குப் பதில் 400 வரை ஏறும் கொடுமை, எர்த் இல்லாத பிளக் பாயின்ட். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா, முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வாங்கும்போது முன்னால் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட்டைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். எனக்குக் கொடுத்ததில் 16 ஆம்பியர். 12-ஆல் பெருக்கினால் 192 வாட். இன்றைய மெஷின் பெரும்பாலும் இழுப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான், அதற்கு 192 வாட்தான் என்றால் 500 எங்கே இருக்கிறது? 80 பிளஸ் முத்திரை நல்லதுதான், ஆனால் அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான முத்திரை, பாதுகாப்புக்கானது அல்ல. இன்னொன்று, வயரைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் வகை வாங்கினால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் வயர்களை அதில் செருகவே செருகாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு, 5 வர வேண்டிய இடத்தில் 12 வந்து டிஸ்க்குகள் செத்துப்போகும்.

எஸ்எம்பிஎஸ் போன பிறகு மெஷின் மறுபடி ஓடுகிறது என்பதாலேயே நிம்மதியாகிவிடாதீர்கள். போர்டில் ப்ராசஸரைச் சுற்றி உப்பல், எஸ்எம்பிஎஸ் வயர் செருகும் 24 பின் கனெக்டரில் கருகல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடட்டும். டிஸ்க்கைச் சோதிக்கும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டு டிஸ்க்கின் நிலை மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருந்தால் அன்றைக்கே காப்பி எடுங்கள். யூஎஸ்பி ஓட்டைகள் எல்லாவற்றிலும் பென் டிரைவ் செருகிப் பாருங்கள், எனக்கு முன்பக்கத்தில் இரண்டு போயிருந்தன. தனியாகக் கழற்றிய எஸ்எம்பிஎஸ்ஸின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்து விசிறி சுற்றுவதைக் காட்டி "நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் அது சோதனையே அல்ல, லோடு இல்லாமல் கெட்டதும் சுற்றும்.

1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, புகார் கொடுத்திருக்கிறேன். அது சரியாக வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளம் வழியாகப் போடப் போகிறேன், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். தொழிலுக்கு வாங்கியது செல்லாது என்று யாராவது பயமுறுத்தினால், சுயதொழில் செய்து பிழைக்க வாங்கிய பொருள் 2019 சட்டப்படி நுகர்வோர் கணக்கில்தான் வரும் என்று சொல்லுங்கள். திறந்த எஸ்எம்பிஎஸ்ஸின் போட்டோக்கள், பில், ஃபார்மேட் போட்ட ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அந்தப் பக்கத்துச் சந்துகளில் சமீபத்தில் எஸ்எம்பிஎஸ் வாங்கியவர்கள், மெஷினை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கக் கம்பி வலை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். புதியதென்று வாங்கியதில் பழைய தூசியோ உப்பிய கெப்பாசிட்டரோ தெரிந்தால் ஸ்க்ரூவைத் தொடாமல் போட்டோ எடுத்து, பில்லோடு எனக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்த்துக்கொள்கிறேன்.