அமெரிக்க லேட் நைட் டாக் ஷோ: முழுசாக வேண்டாம், துண்டு போதும்

ஜிம்மி ஃபாலன், ஸ்டீபன் கோல்பேர், ஜிம்மி கிம்மல், செத் மேயர்ஸ்: நால்வரும் அமெரிக்க டிவியின் இரவு டாக் ஷோ தொகுப்பாளர்கள். இவர்களின் நிகழ்ச்சித் துண்டுகளை யூடியூபில் பார்க்கிறவர்கள் நம்மிடையே நிறைய பேர். முழு எபிசோடையும் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. பார்த்தால் ஒரு விஷயம் புரிந்துவிடும்: அதில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குத்தான் சரக்கு, மீதி பழக்க தோஷத்தில் ஓடுகிறது.

அமைப்பு இதுதான். இரவு 11 மணிக்கு உள்ளூர் நிலையத்தின் செய்தி, 11.35-க்கு டாக் ஷோ, 12.37-க்கு அடுத்தது. அந்த 62 நிமிடத்தில் விளம்பரம் போகச் சுமார் 40 நிமிடம் தேறும். நின்றுகொண்டு மோனோலாக் (தொகுப்பாளர் தனியாக ஜோக் சொல்லும் பகுதி), மேஜைக்கு வந்து ஒரு ஐட்டம், இரண்டு விருந்தினர், கடைசியில் ஒரு பாட்டோ ஸ்டாண்டப்போ. 1954-ல் என்பிசி நெட்வொர்க், இன்று ஃபாலன் நடத்தும் 'டுநைட் ஷோ'வைத் தொடங்கியதிலிருந்து பெரிய மாற்றமில்லை. ஜானி கார்சன் அதை 1962 முதல் 1992 வரை முப்பது வருடம் நடத்தினார். அதில் பெரும்பகுதி அமெரிக்காவில் இருந்ததே மூன்று நெட்வொர்க்தான். அவருடைய கடைசி நிகழ்ச்சியை ஏறத்தாழ 5 கோடி பேர் பார்த்தார்கள். கடைசி நாள் கூட்டத்தைச் சராசரியோடு ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனாலும் 2025-ன் இரண்டாம் காலாண்டில் 11.35 போட்டியில் முதலிடம் பிடித்த கோல்பேருக்குச் சராசரி 24 லட்சம் பேர், கிம்மலுக்குச் சுமார் 18 லட்சம், ஃபாலனுக்கு 12 லட்சம். இந்த வித்தியாசத்தை எந்த நியாயத்தாலும் மூட முடியாது.

ஓடிடிதான் கொன்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். எப்படிக் கொன்றது என்று பார்க்க வேண்டும். ஓடிடி வாழ்வது பழைய சரக்கில். பத்து வருடம் முந்தைய சீரியலை இன்றும் ஒருவர் முதலிலிருந்து பார்ப்பார். அதனால் அதற்கு மதிப்பு உண்டு. காலையில் வந்த செய்தியை வைத்து மதியம் எழுதிய ஜோக் அடுத்த வாரமே ஊசிப்போகும். ஃபாலன் பீகாக்கிலும், கிம்மல் ஹுலுவிலும், கோல்பேர் பாரமவுண்ட் பிளஸ்ஸிலும் கிடைத்தார்கள். ஆனால் இவர்களுக்காகச் சந்தா கட்டியவர்கள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? சரி, யூடியூபில் லட்சக்கணக்கில் பார்க்கிறார்களே என்றால், அங்கே வரும் விளம்பரப் பணத்தில் 45 சதவீதம் யூடியூபுக்குப் போய்விடும். மீதியில் பிராட்வே தியேட்டர், பேண்ட், எழுத்தாளர் பட்டாளம் எல்லாவற்றுக்கும் சம்பளம் கொடுக்க முடியாது.

லேட் நைட் நிகழ்ச்சிகளின் டிவி விளம்பர வருமானம் 2018-ல் சுமார் 44 கோடி டாலர், 2024-ல் 22 கோடி. பாதிக்குப் பாதி. கோல்பேரின் 'லேட் ஷோ' வருடத்துக்கு 4 கோடி டாலர் வரை நஷ்டம் என்று செய்திகள் வந்தன. 2026 மே மாதத்தோடு அதை நிறுத்துவதாக அதன் நெட்வொர்க்கான சிபிஎஸ் 2025 ஜூலை 17 அன்று அறிவித்தது; காரணம் பணம் மட்டுமே என்றது. தாய்க் கம்பெனியான பாரமவுண்ட், டிரம்ப் போட்ட வழக்கை 1.6 கோடி டாலர் கொடுத்து முடித்ததை கோல்பேர் மேடையிலேயே லஞ்சம் என்று கிண்டல் செய்து அப்போது மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அடுத்த வாரமே பாரமவுண்ட், ஸ்கைடான்ஸ் என்ற கம்பெனியோடு இணைவதற்கு அரசு அனுமதியும் கிடைத்தது. நஷ்டமும் உண்மையாக இருக்கலாம், பயமும் உண்மையாக இருக்கலாம். ஆனால் நஷ்டம் என்றால் முதலில் செலவைக் குறைத்துப் பார்ப்பார்கள். நேராகக் கடையை மூடியதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது.

என்பிசி குறைத்துத்தான் பார்த்தது, அது திரையிலேயே தெரிகிறது. 2024-ல் மேயர்ஸ் நிகழ்ச்சியின் '8ஜி' என்ற இசைக்குழுவைக் கழற்றிவிட்டார்கள். அதே வருடம் ஃபாலன் வாரம் நான்கு நாளானார். வெள்ளிக்கிழமை பழைய எபிசோட். சிபிஎஸ்ஸின் 12.37 நேரத்தின் கதை இன்னும் மோசம். 2023 ஏப்ரலில் தொகுப்பாளர் ஜேம்ஸ் கார்டன் கிளம்பினார், செலவு குறைந்த 'ஆஃப்டர் மிட்நைட்' 2024 ஜனவரியில் வந்து அடுத்த வருடமே போனது, பிறகு அந்த நேரத்தை தயாரிப்பாளர் பைரன் ஆலன் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு விளம்பரத்தைத் தானே விற்கிறார். நம்மூர் சேனல்களில் தயாரிப்பாளர்கள் ஸ்லாட் வாங்கி சீரியல் போட்டார்களே, அதே கணக்கு.

இப்போது தரம். மொத்தத்தில் பலவீனமான பகுதி சோபா பேட்டி. விருந்தினர் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே செக்மென்ட் புரொட்யூசர் போனில் பேசி இரண்டு மூன்று கதைகளைக் கறந்துவிடுவார். அவை தொகுப்பாளரின் கார்டில் ஏறும். "விடுமுறைக்குப் போன இடத்தில் ஏதோ நடந்ததாமே?" என்று அவர் கேட்பதும், விருந்தினர் அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல் ஆரம்பிப்பதும், சிரிப்பு அடங்குவதற்குள் படத்தின் துணுக்கு ஓடுவதும் இந்த ஏற்பாட்டில் வருபவை. ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பாட்காஸ்ட் இல்லாத காலத்தில் ஒரு நட்சத்திரம் பேசுவதைக் கேட்க இதுதான் வழி. இன்று அதே ஆள் வேறோர் இடத்தில் ஒரு மணி நேரம் பேசுகிறார்.

'ஹாட் ஒன்ஸ்' ஜெயித்த இடம் இது. 2015-ல் யூடியூபில் தொடங்கிய நிகழ்ச்சி. ஷான் எவன்ஸும் விருந்தினரும் பத்து சிக்கன் விங்ஸ் சாப்பிட வேண்டும், ஒவ்வொன்றிலும் சாஸின் காரம் ஏறும். ஆரம்பத்தில் விருந்தினர் தயார் செய்த பதில்களோடுதான் இருப்பார். எட்டாவதில் 'டா பாம்' என்ற சாஸ் வரும். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் ஒரு லட்சத்துக்கும் மேல். அதற்குப் பிறகு வரும் சாஸ்களுக்குக் காரம் அதிகம், ஆனால் இதற்குத்தான் எல்லோரும் அலறுவார்கள். கண்ணில் தண்ணீர் வந்த பிறகு யாருக்கும் ரெடிமேட் கதை ஞாபகம் இருக்காது. ஆர்க்கெஸ்ட்ரா இல்லை, பார்வையாளர் கூட்டம் இல்லை. ஒரு கறுப்புப் பின்னணி, ஒரு மேஜை. கேள்விகளுக்கான ஆராய்ச்சியோ நெட்வொர்க் நிகழ்ச்சிகளைவிட ஆழம்.

நான்கு பேரில் இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் மேயர்ஸ். 'எ க்ளோசர் லுக்' என்ற பத்துப் பதினைந்து நிமிட அரசியல் பகுதிதான் அவருடைய பிரதான சரக்கு. அதைவிட ரசிக்க வேண்டியது 'கரெக்‌ஷன்ஸ்'. 2021-ல் ஆரம்பித்தது, யூடியூபுக்கு மட்டும். அந்த வாரம் அவர் செய்த தப்புகளை கமென்ட்டில் பிடித்தவர்களுக்குப் பதில் சொல்வார். ஒரு பறவையின் பெயர், ஒரு ஊரின் உச்சரிப்பு என்று தப்பெல்லாம் அற்பம். பார்வையாளர்கள் கிடையாது, கேமராவுக்குப் பின்னால் இருக்கும் குழுவினரின் சிரிப்பு மட்டும். பிடித்துச் சொல்கிறவர்களுக்கு அவர் வைத்த பெயர் 'நரிகள்'. புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு முதல் இரண்டு புரியாது. மூன்றாவதிலிருந்து விட முடியாது. கூடுதல் செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லாத இதுதான் இந்த வகையில் இன்று சிறந்தது.

ஃபாலனைப் பாட்டு, விளையாட்டுத் துண்டுகளுக்கு மட்டும் பாருங்கள், மோனோலாக் சுமார். கிம்மலுக்கு மோனோலாக்தான் பலம். 2025 செப்டம்பர் 17-ல் அவருடைய நெட்வொர்க்கான ஏபிசி அவரை நிறுத்திவைத்து 23-ல் திரும்பக் கொண்டுவந்தபோது, பல ஊர் நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தும் 62 லட்சம் பேர் டிவியில் பார்த்தார்கள், இணையத்தில் 2.6 கோடியைத் தாண்டியது. ஆள் இல்லை என்பதல்ல பிரச்சினை, ஆள் இருக்கும் இடத்தில் காசு இல்லை.

ஓடிடிக்காகவே செய்தவற்றில் நெட்ஃபிளிக்ஸின் ஜான் முலேனி நிகழ்ச்சி, 'எவ்ரிபடீஸ் லைவ்', 2025-ல் 12 வாரம் நேரலையாக வந்தது. நமக்கு வியாழன் காலை 7.30. ஒரு எபிசோடுக்கு ஒரே தலைப்பு, நேயர்கள் போனில் வருவார்கள், ஒவ்வொருவரிடமும் என்ன கார் ஓட்டுகிறீர்கள் என்று கேட்பார். பாதி சொதப்பல், பாதி அபாரம். ஊசிப்போகிற ஜோக் குறைவு என்பதால் இப்போதும் பார்க்கலாம்.

பார்க்கும் முறை: நியூயார்க் இரவு 11.35 என்பது நமக்குக் கோடையில் காலை 9.05, குளிர்காலத்தில் 10.05. நிகழ்ச்சியைப் பதிவு செய்வது அங்கே மாலையிலேயே என்பதால், ஒளிபரப்பை ஒட்டியே துண்டுகள் யூடியூபுக்கு வந்துவிடும். அதிகாரப்பூர்வ சேனலையே சப்ஸ்கிரைப் செய்யுங்கள். பழைய துண்டுகளை வெட்டி ஒட்டிப் புதுத் தலைப்போடு போடும் போலிச் சேனல்கள் ஏராளம். வாரம் ஒருமுறை வரும் எச்பிஓ நிகழ்ச்சியின் தொகுப்பாளர் ஜான் ஆலிவரின் நீண்ட பகுதியை யூடியூபிலேயே பார்ப்பது நல்லது. 2020 பிப்ரவரியில் மோடி பற்றிய எபிசோடை ஹாட்ஸ்டார் போடவில்லை, யூடியூபில் அது கிடைத்தது.