மண்டபம் ஊரில் கேன் தண்ணீர், ஒரு வருட அனுபவம்

எங்கள் தெருவில் கிணறு எல்லாம் உப்பு, அதனால் மண்டபத்தில் வீட்டுக்கே 20 லிட்டர் கேன் கொண்டுவரும் ஒரு கடையில் ஒரு வருடமாக வாங்குகிறோம். ருசி நன்றாக இருக்கிறது, கரிப்பே இல்லை, போன் செய்தால் அரை மணி நேரத்தில் தம்பி வந்து இறக்கிவிடுவார். ஆனால் அந்தக் கேன்! உள்ளே பச்சையாகப் பாசி, மூடியில் சீல் கிடையாது. போன மாதம் சின்ன மகளுக்கு இரண்டு வாரம் வயிற்றுப்போக்கும் வயிறு உப்புசமும், மலப் பரிசோதனையில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி என்றார் டாக்டர். அது கழுவாத கையாலும் வரும்தான், ஆனாலும் கேனைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. சவ்வு இந்த மாதிரி ஒட்டுண்ணிகளைத் தடுத்துவிடும், சரி, அப்புறம் கழுவாத கேனில் பிடித்தால் என்ன பயன்? குளோரினுக்குக் கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு குடல் ஒட்டுண்ணி லேசில் சாகாது, 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குழாய்த் தண்ணீர் வழியாக அது சுமார் 4 லட்சம் பேரைப் படுக்க வைத்தது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் இரண்டும் செத்துவிடும், இப்போது கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். கடைக்காரரிடம் சொன்னேன், கேனை மாற்றிக் கொடுத்தார். கேன் கழுவும் இடத்தைக் காட்டுங்கள் அண்ணே என்றதற்கு மட்டும் பதிலே இல்லை. 5-க்கு 2.