சென்னை அடையாற்றின் மாசை அறிய எந்தச் சோதனை: பாட்டில் தண்ணீரா, சேற்றுப் புழுவா?

தண்ணீரை பாட்டிலில் எடுத்து ஆய்வகத்தில் கொடுத்தால் கரைந்த ஆக்சிஜன், அம்மோனியா, பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) என்று எண்கள் கிடைக்கும். பிஓடிக்கு 27 டிகிரியில் 3 நாள் காத்திருக்க வேண்டும். என்ன கலந்திருக்கிறது என்று தெரிய இதுதான் வழி. ஆனால் அது அந்த நிமிடத்துத் தண்ணீரின் நிலை மட்டுமே. ராத்திரி கொட்டிய கழிவு காலைக்குள் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கலாம்.

ஆற்றின் அடியில் வாழும் புழுபூச்சிகள் அப்படி ஓடிவிடுவதில்லை. வாரக்கணக்கில், சில மாதக்கணக்கில், அங்கேயே கிடந்து எல்லாவற்றையும் தாங்குகின்றன. மேஃப்ளை என்ற பூச்சியின் நீரில் வாழும் இளம்பூச்சி செவுளால் மூச்சுவிடுவது; ஆக்சிஜன் குறைந்தால் முதலில் மறைந்துவிடும். சிவப்பு நிற ரத்தப்புழுவுக்கு ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் ஹீமோகுளோபின் இருப்பதால் சாக்கடையிலும் சமாளிக்கும். மீன் தொட்டிக்குத் தீனியாக வாங்குகிறோமே, அந்த டியூபிஃபெக்ஸ் புழுவும் அப்படித்தான். மாசைத் தாங்காத உயிரினத்துக்கு அதிக மதிப்பெண் தரும், பிரிட்டனில் உருவான பிஎம்டபிள்யூபி முறையில் மேஃப்ளை குடும்பங்கள் பலவற்றுக்கு 10 மதிப்பெண், இந்தப் புழுவுக்கு 1.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் நான் பூச்சிகளைத்தான் சொல்வேன். வலை, வெள்ளைத் தட்டு, பூதக்கண்ணாடி போதும். பள்ளிப் பிள்ளைகளும் செய்யலாம். கையுறை கட்டாயம். ஒரே ஒரு விஷயம்: முகத்துவாரத்துப் பக்கம் வேண்டாம், அங்கே உப்புநீர் ஏறும், நன்னீர் மதிப்பெண் பொருந்தாது. மேலே, ஆறு ஊருக்குள் நுழையுமுன் தொடங்குங்கள்.