வேலியில் நிற்பது உண்ணியா, டுராண்டாவா?

ஏற்காட்டில் காப்பித் தோட்ட ஓரங்களிலும் வீட்டு மதிலோரங்களிலும் கொத்துக் கொத்தாகக் காய்த்து நிற்கும் வேலிச்செடி எதுவாயினும், பலர் அதை உண்ணிச்செடி என்றே சொல்லிவிடுகிறார்கள். அவற்றுள் ஒரு பகுதி உண்மையில் நாற்றுப்பண்ணைகளில் டுராண்டா என்று விற்கப்படும் செடி. இரண்டும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காக வந்தவை. வெர்பினேசி என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எனவே குழப்பம் இயல்பானதே.

பூத்திருக்கும்போது ஐயத்துக்கு இடமில்லை. உண்ணியின் பூக்கள் தட்டையான சிறு செண்டாக மேல்நோக்கி நிற்கும். மஞ்சளாக விரிந்து முதிர முதிர ஆரஞ்சாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறுவதால் ஒரே செண்டில் இரண்டு மூன்று நிறங்கள் தெரியும். டுராண்டாவின் பூவோ நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தில் தொங்கும் சரமாக இருக்கும்; வெள்ளைப்பூ வகையும் உண்டு.

காயை வைத்து முடிவு செய்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள், ஏனெனில் இளங்காய் இரண்டிலும் பச்சைதான். பழுத்தபின் உண்ணி கருநீலமாகும், டுராண்டா பொன்மஞ்சளாகும். டுராண்டாவின் ஒவ்வொரு பழத்தையும் புல்லிவட்டம் (பூவின் அடியிலிருந்த வெளிவட்டம்) உறைபோல் மூடி நுனியில் அலகுபோல் கூம்பியிருக்கும். இந்த அலகு உண்ணியில் இல்லை. பூவும் காயும் இல்லாத காலத்தில் நான் நம்புவது மூக்கையும் விரலையும்தான். உண்ணி இலை சொரசொரப்பானது. கசக்கினால் நெடி மூக்கில் ஏறும். டுராண்டா இலை வழுவழுப்பானது. அந்த நெடி அதற்கில்லை. உண்ணித் தண்டின் நாற்சதுர வடிவை மட்டும் நம்ப வேண்டாம். டுராண்டாவின் இளந்தண்டிலும் அதன் சாயல் தெரியும். உண்ணியின் தண்டு விளிம்பில் கீழ்நோக்கி வளைந்த சிறு முட்கள் இருக்கும். டுராண்டாவில் முள் இருந்தால் இலை தண்டோடு சேரும் கக்கத்தில் நேராக நிற்கும்.

தீங்கை ஒப்பிட்டால் தராசு சமமாக நிற்காது. உண்ணிப்பழத்தைக் கொண்டைக்குருவிகள் தின்று விதையை மலையெங்கும் பரப்புகின்றன. இலையை மேயும் ஆடுமாடுகளுக்குக் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தோல் புண்ணாகிறது. டுராண்டாவும் குற்றமற்றதன்று: ஆஸ்திரேலியாவில் அது களைச்செடி, பழம் குழந்தைகளுக்கு நஞ்சு. ஆயினும் அதன் பூ புதுத்தளிரின் நுனியில் வருவதால், அடிக்கடி கத்தரிக்கப்படும் வேலியில் பழம் அரிதாகவே தோன்றும். கத்தரிக்க ஆள் இருக்கும் வீட்டில் டுராண்டா இருக்கட்டும். உண்ணியை எங்கும் விட்டுவைக்கக் கூடாது என்பதே என் கருத்து.

உண்ணியைத் தரைமட்டத்தில் அரிவாளால் வெட்டுவது வீண், அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைத்துவிடும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது, காய் பிடிக்கும் முன்பே, வேர்க்கட்டையோடு தோண்டி எடுத்துத் தலைகீழாகக் காயப்போட வேண்டும். அடிவாரத்து மேட்டுக்காடுகளில், அதாவது மானாவாரி நிலங்களில், அந்த இடத்துக்கு நம் பழைய வேலிமரமான முள்கிளுவையே போதும். அதன் போத்தை (கிளைத்துண்டை) வெட்டி நட்டால் வேர்பிடித்துவிடும்.